மணிக்கட்டில் ஒரு கண்வலிப்பூ

ஆறுச்சாமி பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிய அந்த நொடியில்தான், மிருதுளாவின் இடது மணிக்கட்டில் அப்பா முதன்முதலாகப் பூத்தார்.

அப்பா நாச்சிமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் அது. மூலனூருக்கு மேற்கே, தோட்டத்து வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாயிற்று. அந்தத் தோட்டத்திலேயே வாழ்நாளை உழைத்துத் தீர்த்த ஆறுச்சாமி மட்டும் வேலியோரமாக நடந்து வந்து, பந்தலுக்குச் சற்றுத் தள்ளியே நின்று, குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "கும்பிடறேனுங்க அம்மிணி" என்றார். மிருதுளாவின் மணிக்கட்டில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் பச்சை மொட்டாகவே கிடந்த கண்வலிப்பூ இதழ் இதழாக மஞ்சளாகி, நுனியில் சிவந்து, முழுதாக விரிந்திருந்தது.

அப்பா வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்கூடக் கலங்கியது. எதற்காக வந்தார் என்பது அடுத்த மூச்சில்தான் உறைத்தது. சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு, கை கழுவப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

பச்சை குத்திய படத்தில் அப்பா எப்படிப் பூப்பார் என்று கேட்பவர்கள் இந்தக் காலத்தில் அதிகம் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மையில் குத்தினால் குத்தியது குத்தியபடி கிடக்கும், மச்சத்துக்கு அண்ணன் மாதிரி. உயிர்மை அப்படியல்ல. அது தோலுக்குள் உட்கார்ந்துகொண்டு ரத்தத்தை ருசி பார்க்கும். மனம் நிறைந்தால் நிறம் மாறும். அதைவிடப் பெரிய வேடிக்கை, ஒருவர் இறந்தபின் அவர் தோலிலிருந்து அந்த மையை எடுத்துப் பிள்ளைக்குக் குத்தினால், செத்தவர் எதற்கெல்லாம் பூரித்தாரோ அதற்கெல்லாம் பிள்ளையின் தோலில் மை சிவக்கும். அப்பனுக்குப் பிடித்த பாட்டு பேருந்தில் ஒலித்தால் மகனின் தோள் சிவந்துவிடும். ஜனங்களுக்கு இது போதாதா? திதி கொடுக்கும் நாளில் ஆற்றங்கரையில் சட்டையில்லாமல் நின்று, யார் தோளில் யார் சிவக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் கையையும் நீட்டச் சொல்கிறார்கள்.

கோயமுத்தூரில் இந்தத் தொழிலில் பேர் பெற்ற கடை மிருதுளாவும் அமலியும் சேர்ந்து நடத்தும் 'வேர்'. மை அமலியின் பொறுப்பு. ஊசியும் ஓவியமும் மிருதுளாவின் பொறுப்பு. ஒரு குடும்பத்துக்குப் போட்ட படத்தை அவள் இன்னொரு குடும்பத்துக்குப் போட்டதில்லை. குடும்பத்துக்கு ஒரு செடி, தலைமுறைக்கு ஓர் இலையோ பூவோ. வந்தவர்களிடம் மணிக்கணக்காகக் கதை கேட்டு, அந்தச் செடி எது என்று கண்டுபிடித்து வரைவாள். 'முன்னோர் நமக்கு விட்டுப்போவது அவர்களுடைய சந்தோஷத்தை' என்று மேடைகளில் பேசுவாள். கேட்பவர்கள் அழுதுவிடுவார்கள்.

கடைக்கு வருபவர்களுக்கு விவரம் சொல்வது அமலியின் வேலை. ஒரு வங்கி மேலாளர் அம்மாள் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததை இரண்டு பேரும் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"சாயங்காலம் ஆறு மணியானா எங்கப்பா சிவக்குறாருங்க மேடம். எதுக்குன்னு எங்க தெருவுக்கே தெரியும். அந்தப் பழக்கத்த மட்டும் எடுத்துற முடியுமா?"

"முடியாதும்மா" என்றாள் அமலி. "இது நல்லது கெட்டது பிரிச்சுப் பார்க்காது. உங்கப்பா எதுக்கு நிறைஞ்சாரோ அதையெல்லாம் பழகி வச்சிருக்கும். வேணும்னா முழுசா வச்சுக்கலாம், வேண்டாம்னா முழுசா எடுத்துறலாம்."

அந்த அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, முழுசாகவே இருக்கட்டும் என்று எழுந்து போனாள். அவள் போன பிறகு மிருதுளா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவளுடைய அப்பா உயிரோடு இருந்தார்.

அவர் தோளில் கண்வலிப்பூவைப் போட்டதும் மிருதுளாதான். அவர்கள் தோட்டத்தில் விளைந்தது அதுதான். 'பூவு கண்ணுக்கு அழகு, கெழங்கு வவுத்துக்கு வெசம்' என்று அவர் சொல்வதை வைத்தே அந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தாள். அவர் இறந்தபோது அமலியே தோட்டத்துக்கு வந்து மையை எடுத்துப் பனிப்பெட்டியில் வைத்துக்கொடுத்தாள். பழைய மை பலவீனமானது என்பதால் பாதிக்குப் பாதி புது மை கலந்து குத்துவதுதான் முறை. மிருதுளா அப்படியே கலந்து, தன் இடது கையில் தானே குத்திக்கொண்டாள். ரத்தத்தைத் துடைத்த பிறகு, தோட்டத்துப் பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்து அதன்மேல் வைத்துக் கட்டினாள். பச்சை குத்தினால் மஞ்சள் அரைத்துப் பூசுவது அவர்கள் ஊர் வழக்கம். அப்பாவுக்குச் செய்வதை ஊர் முறைப்படி செய்யவேண்டும் என்று தோன்றியது. மஞ்சள் எரியும்போது அழுகை வந்தது. அது நல்ல அழுகைதான்.

அதன்பிறகு அவள் காத்திருந்தாள். அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போட்டாள். அவர் ஆசையாக வளர்த்த காளையின் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். நுங்கு வாங்கித் தின்றாள். மழை பெய்தபோது வாசலில் போய் நின்றாள். மொட்டு அசையவில்லை. கடைசியில் ஆறுச்சாமியின் செருப்புக்குத்தான் அசைந்தது.

கோயமுத்தூர் திரும்பியதும் அவள் முழுக்கைச் சட்டைக்கு மாறினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சோடு மணிக்கட்டும் சேர்ந்து குறுகுறுத்தது. அடுக்குமாடி வீட்டுக் காவலாளி மின்தூக்கிக்குள் இருந்தவர், அவளைக் கண்டதும் வெளியே வந்து வழி விட்டபோது பூத்தது. காய்கறிக்காரர் அடுத்தவருக்கு எடை போடுவதை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றபோது பூத்தது. நாள் முழுக்கத் தன்னைச் சுற்றி யாராவது ஒதுங்கிக்கொண்டோ குனிந்துகொண்டோதான் இருக்கிறார்கள் என்பதையே அவள் இப்போதுதான் கவனித்தாள். அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. இதற்கா இந்த மனிதர் பூரித்தார்? இதை வைத்துக்கொண்டா நான் மேடையில் அழவைத்தேன்?

தொலைக்காட்சிக்காரர்கள் வந்த அன்று அது அமலியின் முன்னாலேயே நடந்தது. கடையைப் படம்பிடிக்க வந்திருந்தார்கள். விளக்குகளை நிறுத்தி, நல்ல நாற்காலி ஒன்றை நடுவில் போட்டார்கள். வெளிச்சம் பார்ப்பதற்காக அமலி அதில் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், ஓனர் உக்காரட்டும். நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க" என்றார் இயக்குநர்.

கடை இருவருக்கும் சரிபாதி. மிருதுளா அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "பரவால்ல, நீ உக்காரு" என்று அமலி எழுந்துகொண்டாள். படத்துக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த மிருதுளாவின் மணிக்கட்டில், அத்தனை விளக்கு வெளிச்சத்திலும், பூ செக்கச்செவேலென்று விரிந்தது.

"அப்பா வந்துட்டாரு! குளோசப் போங்க, குளோசப்!" என்று இயக்குநர் குதித்தார். "எதுக்கு மேடம் சந்தோஷப்படுறாரு?"

"என்னை டிவியில பார்க்கப் போறாரே, அதுக்குத்தான்" என்றாள் மிருதுளா. பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அமலி திண்டுக்கல்காரி. அவள் தாத்தா தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். 'தோலைப் பத்தி எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்?' என்று அவளே கேலியாகச் சொல்வாள். கல்லூரி விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட ஆரம்பித்த சிநேகம். படப்பிடிப்புக்காரர்கள் போனதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் மிருதுளாவால் இருக்க முடியவில்லை. செருப்பு, காவலாளி, காய்கறிக்காரர், ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எங்கப்பா இப்படின்னு எனக்குத் தெரியாது அமலி. வெளிய ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டார். உள்ளுக்குள்ள இதுதான் இருந்திருக்கு. தொட்டில் பழக்கம் சுடுகாடு வரைக்கும்னா, இவருக்கு அதையும் தாண்டி வந்துருச்சு."

அமலி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மொட்டு இப்போது சாதுவாக, பச்சையாக இருந்தது.

"நான் எந்திரிச்சப்போ பூத்ததைப் பார்த்தேன்" என்றாள். "சுருக்குன்னுச்சு. ஆனா அது உங்கப்பா சந்தோஷம்தானே, உன்னுது இல்லையே. விடு."

மிருதுளாவுக்கு உயிர் வந்தது. இனிக் கொஞ்சநாள் பொறுத்துக்கொண்டால் போதும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆறுச்சாமி கடைக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பனிப்பெட்டி. அவர் மனைவி மாராத்தா தாராபுரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். எப்போதோ திருவிழாக் கடையில் மலிவான உயிர்மையில் குத்திக்கொண்ட கிளி ஒன்று அவள் கையில் இருந்ததாம். அந்த மையைத்தான் எடுத்து வாங்கி வந்திருந்தார். கடையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி இருக்க, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வா ஆறுச்சாமி. எப்படி இருக்கற?" என்றாள் மிருதுளா.

கோயமுத்தூரில் இத்தனை வருடம் நாய்க்குட்டியைக்கூட 'வாங்க போங்க' என்று கூப்பிடுகிறவள் அவள். எழுபது தாண்டிய இந்த மனிதரைக் கண்டதும் நாக்கு தானாகப் பழைய தடத்தில் போய் விழுந்தது. அது அவள் காதில்கூட விழவில்லை.

"இருக்கறனுங்க அம்மிணி. அவ போனதுக்கப்புறம் ஊடு வெறிச்சுன்னு கெடக்குதுங்க. இத என்ற கையில வெச்சுட்டா, அவ எதுக்குச் சிரிப்பாளோ அதுக்குக் கிளி செவக்குமாமா? அப்படியாச்சும் கூட இருக்கட்டுமுன்னு..." என்றவர், அவள் கையைப் பார்த்து நிறுத்தினார். சட்டைக் கை மேலேறிப் பூ வெளியே தெரிந்தது. மஞ்சளும் சிவப்புமாக விரிந்திருந்தது.

"அட, பெரிய பண்ணாடிங்களா!"

தோட்டத்து முதலாளியான அப்பாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பதறி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார். பூ இன்னும் சிவந்தது. அவர் இன்னும் குனிந்தார். அது இன்னும் சிவந்தது. மிருதுளாவுக்கு அந்தக் கையை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது. மேசையிலிருந்த துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு, "வியாழக்கிழமை வா, மையைச் சோதிச்சு வைக்கிறோம்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

அவர் தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, நேராக அமலியின் ஆய்வறைக்குப் போனாள்.

"எடுத்துரு. முழுசா எடுத்துரு. எனக்கு அப்பா வேண்டாம்."

"அவசரப்படாத. எத்தனை பங்கு பழைய மைன்னு பார்த்துட்டுதான் எடுக்க முடியும்" என்று சொல்லி, அமலி மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சி எடுத்தாள்.

புதன்கிழமை பிற்பகல் அமலி கூப்பிட்டாள். போனபோது அவள் கணினித் திரையை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

"உக்காரு மிருது. அன்னைக்கு இதைக் குத்துனதுக்கு அப்புறம் மேல என்ன வச்ச?"

"மஞ்சள். பச்சை மஞ்சள் அரைச்சுக் கட்டினேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும். ஏன்?"

"பழைய மை மஞ்சளைத் தாங்காது. அதனாலதான் கடையில மஞ்சளை நெத்தியில மட்டும் வச்சு அனுப்பச் சொன்னேன். ஏன்னு உனக்குச் சொன்னதில்ல." அமலி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன். உங்கப்பா இதுல இல்ல. ஒரு துளிகூட இல்ல. குத்துன அன்னைக்கே செத்துருச்சு. உன் கையில இருக்கறது வெறும் புது மை."

மிருதுளாவுக்கு முதலில் புரியவில்லை. புது மை வெற்று மை. பழைய மை கூட இருந்தால் அதைப் பார்த்துப் பழகும்; இல்லாவிட்டால் யார் தோலில் போகிறதோ அவர்களை இரண்டு மூன்று நாளில் பழகிக்கொள்ளும். இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப பாட்டுக்கு ஏன் பூக்கல? மழைக்கு ஏன் பூக்கல? எனக்கு மழை பிடிக்கும் அமலி."

"அப்பா போன துக்கத்துல உனக்கு எதுவுமே ருசிக்கல. பாட்டும் ருசிக்கல, மழையும் ருசிக்கல." அமலி தயங்கிவிட்டுச் சொன்னாள். "அந்தத் துக்கத்தையும் தாண்டி உள்ள போனது இது ஒண்ணுதான்."

மிருதுளாவுக்குக் காது மடல் எரிந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் கால் செருப்பைப் பார்த்தாள். அதைப் பார்க்கவும் கூசியது.

"சத்தியமா எனக்கு அப்படித் தோணவே இல்ல அமலி. நீ எந்திரிச்சப்போ எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு."

"தெரியும். தோணியிருந்தா அடக்கியிருப்ப. நீ நல்லவதான்." அமலியின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு உங்கப்பாவ நினைச்சு அதை விட்டுட்டேன். இப்ப என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. கொஞ்சநாள் ஆகட்டும்."

"எடுத்துடேன் இதை."

"எடுக்கலாம். எடுத்தா பூக்காது, அவ்வளவுதான்."

அதன்பிறகு அவள் எடுக்கச் சொல்லவில்லை. அன்று இரண்டு பேரும் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள்.

வியாழக்கிழமை ஆறுச்சாமி வந்தபோது மிருதுளா வாசலிலேயே நின்றிருந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். மாராத்தாவின் மை சோதனை முடிந்து, கலந்து, தயாராக இருந்தது. அமலி அதை மேசையில் வைத்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போயிருந்தாள்.

"செருப்பைக் கழட்டாதீங்க. அப்படியே உள்ள வாங்க. நாற்காலியில உக்காருங்க" என்றாள்.

அவர் மிரண்டுபோய் அவளைப் பார்த்தார். இத்தனை வயதுக்கு அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் 'வாங்க' அது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபேச்சில்லாமல் செருப்போடு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பூ பச்சை மொட்டாக இருந்தது. மிருதுளா எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைத் துடைத்துவிட்டாள். சொல்லாமல் ஊசியைத் தொடக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அன்னைக்கு இந்தப் பூவைப் பார்த்துக் கும்பிட்டீங்களே, அது அப்பா இல்லீங்க. அவரோட மை செத்துப்போச்சு. இது நான். நீங்க செருப்பைக் கழட்டுனதுக்கும், கீழ உக்காந்ததுக்கும் பூத்தது நான்தான். என்னை மன்னிச்சுருங்க."

வாய்விட்டுச் சொன்னபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அவர் கோபப்படுவார், அல்லது அழுவார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். அவர் சிரிப்பார் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

"அதுதானே பாத்தனுங்க!" என்றார் ஆறுச்சாமி. முகம் தெளிந்து, நாற்காலியில் கொஞ்சம் நன்றாகக்கூட உட்கார்ந்தார். "ஊட்டுக்குப் போயி ஒரே ரோசனைங்க எனக்கு. பெரிய பண்ணாடி நாங்க நிக்கறமா உக்காந்துருக்கறமான்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாருங்க. அவரு எதுக்குங்க பூரிக்கப் போறாரு? அவருக்கு அதெல்லாம் கண்ணுலயே படாதுங்க."

அவர் அவள் மணிக்கட்டைச் சுட்டிக் காட்டினார்.

"நீங்கதானுங்க அம்மிணி. நடக்கப் பழகுன வயசு. நான் வாசல்ல செருப்பக் கழட்டுனா, பாத்துட்டுக் கை தட்டிச் சிரிப்பீங்க பாருங்க, அப்படிச் சிரிப்பீங்க. 'இன்னொருக்கா, இன்னொருக்கா'ம்பீங்க. நானு மாட்டறதும் கழட்டறதும், மாட்டறதும் கழட்டறதும். நீங்க சோறு திங்கறதே அதப் பாத்துத்தானுங்க. மாராத்தா வேலியோரம் நின்னு பாத்துட்டு, 'குழந்தைக்கு உன்ற செருப்புத்தான் பொம்மை'ன்னு சிரிப்பா."

அவர் சொல்வதில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல நாள் ஒன்றை நினைத்துக்கொண்டவர் போலத்தான் சொன்னார். மிருதுளாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிய கை நினைவிருந்தது. வாசலில் வெயில் நினைவிருந்தது. எதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள் என்பது மட்டும் நினைவில் இல்லை.

"இத்தன வருசத்துக்கு அப்புறமும் ஞாபகம் வெச்சிருக்குது பாருங்க உங்க கை" என்று ஆறுச்சாமி அதிசயப்பட்டார். அழும் குழந்தையைத் தேற்றுகிறவர் போல, "இப்பவும் வேணுமுன்னா காட்டறனுங்க" என்று சிரித்துக்கொண்டே, நாற்காலிக்கு அடியிலிருந்து காலை வெளியே எடுத்து, செருப்பை நோக்கிக் குனிந்தார்.

"வேண்டாம்" என்று மிருதுளா சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவர் விரல் செருப்பைத் தொடுவதற்கு முன்பே, அவளுடைய மணிக்கட்டில் மொட்டின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.